ஆனந்தராஜாவின் பயம் பரிசீலனையில் இருக்கிறது

ஆனந்தராஜா பதினெட்டு வருடமாகச் சிட்னியின் பிளாக்டவுன் பக்கத்தில் பஸ் ஓட்டுகிறார். ஒருநாளும் சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. நிறுத்தத்தில் ஆள் இல்லாவிட்டாலும் வேகத்தைக் குறைத்து, ஆள் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டுதான் போவார். விதி என்று எங்காவது எழுதி வைத்திருந்தால் நின்று வாசித்து அதன்படி நடப்பது அவருடைய சுபாவம். அதனால், ஜம்பக் வேர்ல்ட் என்ற களியாட்டப் பூங்காவின் அலுவலகத்தில் அவரை இருத்திவைத்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டபோது அவருடைய மனைவி சிவாஜினி பதறிப்போனார்.

“ஐயோ, அப்பா என்ன செய்தவர்?”

“பயப்பிடேல்லை,” என்றாள் மகள் தர்சினி.

நடந்தது இதுதான்.

தர்சினிக்குப் பதினைந்து வயது. அந்த வருடம் முழுவதும் அவள் தகப்பனோடு பேசிய தமிழ் ‘ம்’ என்ற ஒரே எழுத்துக்குள் அடங்கியிருந்தது. சாப்பிட்டியா, ம். படிக்கிறியா, ம். அப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை தானாகவே வந்து அவர் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். ஜம்பக் வேர்ல்டில் ஹலோவீனுக்குப் பேய்க் கொட்டகைகள் போட்டிருக்கிறார்கள். வகுப்பில் எல்லாரும் போய் வந்துவிட்டார்கள். எல்லாருடைய பையிலும் ‘நான் தப்பிவிட்டேன்’ என்று எழுதிய சிவப்பு பட்ஜ் தொங்குகிறது. பதினாறு வயது ஆகாதவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் போகலாம். அம்மாவைக் கேட்டுப் பிரயோசனமில்லை. சிவாஜினி குளியலறையில் கரப்பான் பூச்சியைக் கண்டால் பக்கத்து வீட்டில் போய் இருந்துவிடுகிறவர்.

“நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்லை அப்பா. ஜஸ்ட் வந்தா காணும்.”

இரண்டு முழு வசனங்கள். ஆனந்தராஜா சனிக்கிழமை வேலையை அந்த நிமிடமே வேறு சாரதியிடம் மாற்றிக்கொண்டார்.

ஜம்பக் என்றால் அவுஸ்திரேலியப் பழைய வழக்கில் செம்மறியாடு. பூங்காவின் வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு செம்மறியாடு சிரித்துக்கொண்டிருக்கும். பதினொரு மாதம் சிரிக்கிற அந்த ஆட்டுக்கு ஒக்டோபரில் கோரைப்பற்கள் பொருத்திவிடுவார்கள். சிட்னியில் ஒக்டோபர் என்பது வெயிலும் வசந்தமும். குடும்பங்களுக்கான பயம் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது. அன்றைக்கு முப்பத்திமூன்று பாகை வெயில்.

வாசலில் பதினான்கு பக்கச் சம்மதப் பத்திரம் கொடுத்தார்கள். எல்லாரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்து வைத்துவிட்டு ஓடினார்கள். ஆனந்தராஜா முதற் பக்கத்திலிருந்து வாசித்தார். ‘இங்கே பயம் ஏற்படும் என்பதை அறிவேன். அந்தப் பயத்தை விரும்பி ஏற்கிறேன். பயம் ஏற்பட்ட பின்னர், பயம் ஏற்பட்டது என்று முறைப்பாடு செய்யமாட்டேன்.’ பதினோராம் பக்கத்தில் இன்னொரு நிபந்தனை இருந்தது. பிள்ளையும் கூடவரும் பெரியவரும் சேர்ந்து ‘ஒரு பய அலகு’ எனக் கருதப்படுவர். அலகின் இரு பகுதிகளும் குறைந்தது ஒருதடவையாவது பயந்தால்தான் பட்ஜ் வழங்கப்படும். நாடித்துடிப்பை அளப்பதற்கு ஆளுக்கொரு மணிக்கட்டுப் பட்டி கட்டினார்கள். பயந்தால் பட்டி மணியடித்துப் பச்சை விளக்கு எரியும்.

“அப்பா, எல்லாரும் உள்ளுக்குப் போயிட்டினம்,” என்றாள் தர்சினி.

“கையெழுத்து வைக்கிறதெண்டா வாசிக்கத்தானே வேணும் பிள்ளை.”

அடுத்தது பாதுகாப்பு விளக்கவுரை. கெய்லி என்ற இளம்பெண் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று சொன்னாள்: “எங்கள் பேய்கள் அனைத்தும் முறையான பயிற்சி பெற்றவை. அவை உங்களைத் தொடமாட்டா. எந்நேரமும் ஒன்றரை மீட்டர் இடைவெளியைப் பேணும். பயம் எல்லை மீறினால் வலது கையை உயர்த்தி ‘லாமிங்டன்’ என்று சொல்லுங்கள். சொன்னவுடன் பேய் பேயாக இருப்பதை நிறுத்திவிட்டு உங்களுக்குத் தண்ணீர் தரும்.”

லாமிங்டன் என்பது தேங்காய்ப்பூ தூவிய ஒரு கேக். ஆனந்தராஜா வலது கையை உயர்த்தினார்.

“பேய்க்கு ஏதாவது நடந்தால் அது என்ன சொல்ல வேண்டும்?”

கெய்லி அருமையான கேள்வி என்று சொல்லிக் குறித்துக்கொண்டாள். தர்சினி தலைமயிரை முகத்தின் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

முதலில் ‘அச்சுறுத்தல் வலயம்’. அது திறந்த வெளி. வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தொப்பி கட்டாயம் என்பதால், செத்து எழும்பியவர்கள் எல்லாரும் அகன்ற விளிம்பு வைத்த துணித்தொப்பி போட்டிருந்தார்கள். முகத்து இரத்தத்தின் மேல் சன்ஸ்கிரீன் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்தது. இருட்டுக் கொட்டகைக்குள் போய்வருகிற பேய்கள்மீது வருபவர்கள் யாரும் மோதி விழக்கூடாது என்று அவற்றுக்கு ஒளிரும் செம்மஞ்சள் மேற்சட்டை கொடுத்திருந்தார்கள்.

ஒரு பேய் மரம் அறுக்கும் யந்திரத்தை உறுமவிட்டுக்கொண்டு பாய்ந்தது. யந்திரத்தில் சங்கிலி இல்லை. பேயின் காதில் சத்தம் தடுக்கும் மூடி இருந்தது. தர்சினி வீரிட்டாள். பட்டியில் பச்சை எரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே திரும்பித் தகப்பனைப் பார்த்தாள்.

ஆனந்தராஜா பேயின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எக்ஸ்கியூஸ் மீ, உங்கள் சப்பாத்து நாடா அவிழ்ந்திருக்கிறது,” என்றார் ஆங்கிலத்தில்.

பேய் யந்திரத்தை நிறுத்திவிட்டுக் குந்தியிருந்து நாடாவை இறுக்கியது. எழும்பி அவருக்கு நன்றி சொன்னது. பின்னர் யந்திரத்தை மறுபடி இயக்கப் பார்த்தது. அது இயங்கவில்லை.

“அப்பா! ஓ மை காட்!”

“விழுந்தா ஆற்றை கை கால் முறியிறது?”

அடுத்தது ‘சாபம் விழுந்த கொட்டகை’. ஆட்டு மயிர் கத்தரிக்கிறவர்கள் நூறு வருடத்துக்கு முன்னர் ஒரே இரவில் செத்துப்போனார்களாம். உள்ளே இருட்டு. கால்வைத்த இடமெல்லாம் மயிர் மெத்தென்றிருந்தது. ஒரு பிரேதம் பெட்டியை உடைத்துக்கொண்டு எழுந்து குறுக்கே வந்தது. ஆனந்தராஜா பாதசாரிக்கு வழிவிடும் பழக்கத்தில் நின்று, நீங்கள் முதலில் போங்கள் என்று கையைக் காட்டினார். ஒரு கிழவிப் பேய் காதுக்குள் அலறியது. வழியை மறித்துக்கொண்டு நிற்கிறோமாக்கும் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்கினார். தர்சினி ஏழுதரம் அலறினாள். வெளியே வந்தபோது அவளுடைய பட்டி கலியாண வீடுமாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அவருடையது மஞ்சள். நாடித்துடிப்பு அறுபத்தெட்டு.

கெய்லி பட்டியைக் கழற்றி வேறு பட்டி கட்டினாள். அறுபத்தெட்டு. இடது கைக்கு மாற்றினாள். அறுபத்தெட்டு. அவள் சற்றுத் தள்ளிப்போய் வோக்கிடோக்கியில் தணிந்த குரலில், “எனக்கு இங்கே ஓர் அறுபத்தெட்டு நிற்கிறார்,” என்றாள்.

பயப்படத் தவறியவர்களுக்கு ‘துணைப் பயம்’ என்றொரு ஏற்பாடு இருந்தது. ஒரு சிறிய கொட்டகை. அவருக்கென்றே மூன்று பேய்கள். தர்சினியை வெளியே நிறுத்திவிட்டு அவரை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். மகளின் பட்ஜ் தன் கையில் இருக்கிறது என்பது ஆனந்தராஜாவுக்குத் தெரியும். இந்தமுறை எப்படியாவது பயந்துவிடுவது என்று முடிவுசெய்துகொண்டுதான் போனார். பேய்கள் பாய்ந்தவுடன் வாயைத் திறந்து “ஆ” என்றார். பல் வைத்தியரிடம் சொல்வதுபோல இருந்தது. இன்னொருதரம் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். பட்டி ஏமாறவில்லை.

மூத்த பேய் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னது: “கஷ்டப்பட்டு வரவழைக்காதீர்கள் சேர். அது உள்ளிருந்து வரவேண்டும்.” அது நாடகம் படித்த பேய். இரண்டு மணியிலிருந்து நூற்றெண்பது பேரை அலறவைத்த இன்னொரு பேய் சுவரில் சாய்ந்து தரையில் இருந்துவிட்டது. ஆனந்தராஜா அதனிடமும் மன்னிப்புக் கேட்டார்.

வெளியே தர்சினியின் கண் கலங்கியிருந்தது.

“என்ன பிள்ளை செய்ய? எனக்கு வருகுதில்லை.”

“ட்ரை பண்ணினீங்களா?”

“சத்தியமா.”

அவள் திரும்பவும் ‘ம்’ என்றாள். அந்த ஒரு எழுத்து அவருக்கு மூன்று பேய்களும் சேர்ந்து செய்யாததைச் செய்தது. ஆனால் அது துக்கம். பட்டி துக்கத்தை அளப்பதில்லை.

கெய்லி இருவரையும் செம்மறியாட்டின் பின்னங்காலுக்குள் இருந்த அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கதவில் ‘விருந்தினர் பய விளைவுகள் பிரிவு’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு மேசை, மூன்று கதிரைகள், ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர், கண்ணீர் துடைக்கும் கடதாசிப் பெட்டி. முகாமையாளர் கிரெக் எழுந்து கைகொடுத்து, குவளையை ஆனந்தராஜாவின் பக்கம் நகர்த்திவைத்தார். நாற்பது வயதிருக்கும். மிகவும் நல்ல மனிதர் என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

“முதலில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை,” என்றார் கிரெக். “நாங்கள் பயத்தைப் பாரதூரமாக எடுத்துக்கொள்ளும் நிறுவனம். எங்களுக்குப் பயம் ஒரு வியாபாரமல்ல, ஒரு பயணம். அதில் எவரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகமாட்டோம். கடந்த வருடம் எங்களிடம் வந்தவர்களில் தொண்ணூற்றொன்பது தசம் ஏழு வீதமானவர்கள் பயந்தார்கள். மிச்சப்பேர் நித்திரையாகிவிட்ட குழந்தைகள். நீங்கள் குழந்தை இல்லை. ஆகவே எங்கள் நடைமுறைப்படி நீங்கள் ஒரு சம்பவம்.”

“மன்னிக்க வேண்டும்,” என்றார் ஆனந்தராஜா.

“மன்னிப்பு வேண்டாம். உண்மை போதும். எனக்கு உங்கள்மேல் தனிப்பட்ட அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அபிப்பிராயம் வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு நான் மூன்றுநாள் பயிற்சி எடுத்திருக்கிறேன்.” கிரெக் கோப்பைத் திறந்தார். “இரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஒரு பேயின் சப்பாத்து நாடாவைப் பற்றிக் கதைத்திருக்கிறீர்கள். உண்மையில் பயப்படாத ஒருவர் பேயின் முகத்தையல்லவா பார்ப்பார்? ஏன் காலைப் பார்த்தீர்கள்?”

“பஸ்ஸில் ஆட்கள் ஏறும்போது காலைத்தான் பார்க்கிறது. வழுக்கி விழுந்துவிடக்கூடாது.”

“அப்படியானால் முகத்தைப் பார்க்கப் பயந்தீர்கள் என்று எழுதலாமா?”

“இல்லை.”

“‘மறுக்கிறார்’ என்று எழுதுகிறேன்.” எழுதினார். “இதற்கு முன்னர், வேறு எங்காவது, எப்போதாவது பயந்திருக்கிறீர்களா?”

ஆனந்தராஜா தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். “ஓம்,” என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் மறுபடி சொன்னார்.

தர்சினி கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“எங்கே?”

“யாழ்ப்பாணத்தில். அப்போது சண்டை.”

கிரெக் பேனையை வைத்தார். முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. “ஆக, வருமுன்னரே உங்களிடம் பயம் இருந்திருக்கிறது. பத்திரத்தில் ஆறாம் பக்கத்தில் ‘முன்பே உள்ள பயம்’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டிருக்கிறீர்களே?”

“இப்போது உள்ளதா என்று கேட்டிருந்தது.”

“விளங்குகிறது. ஆனால் எங்கள் நிலைமையையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். வேறு நாட்டில் பயந்து முடித்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது. எங்கள் உத்தரவாதம் இந்த வேலிக்குள் பெறப்பட்ட பயத்துக்கு மட்டுமே. முன்னைய பயத்துக்கு ஆதாரம் ஏதும் உண்டா? மொழிபெயர்த்த பிரதிகள், சமாதான நீதவான் ஒப்பமிட்டவை?”

“வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.”

“அப்படியா!” கிரெக்குக்கு முதன்முதலாக அவர்மேல் மரியாதை வந்தது. “சுருக்கமாகச் சொல்ல முடியுமா? திகதிகளோடு?”

ஆனந்தராஜாவுக்கு அது கஷ்டமாக இல்லை. எத்தனையோ தரம் சொன்னதுதான். எந்த வருடம் பதுங்குகுழி வெட்டியது, எந்த மாதம் அது இடிந்தது, எந்தத் திகதி தம்பியை விசாரிக்கவென்று கூட்டிக்கொண்டு போனது. கூட்டிக்கொண்டு போனவர்கள் அவனைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. சுருதி மாறாமல், நிறுத்தங்களின் பெயரைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். தர்சினிக்குச் சித்தப்பாவின் படம் தெரியும். சாமியறையில் இருக்கிறது. செத்துப்போனார் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

“இதை எல்லாம் இங்கே யாரிடமாவது முன்னர் சொல்லியிருக்கிறீர்களா?”

“சொன்னேன். இருபத்திமூன்று வருடத்துக்கு முன்னர், அகதி விண்ணப்பத்துக்காக ஓர் அரசாங்க அலுவலகத்தில். நான் பயந்துதான் வந்தேன் என்பதை நிரூபிக்கச் சொன்னார்கள்.”

“நிரூபித்தீர்களா?”

“இல்லை. ஊரடங்கைத் தளர்த்திய ஒருநாள் சாப்பிடப் பாண் வாங்கக் கடைக்குப் போனேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, உண்மையில் பயந்தவர் பாண் வாங்க வெளியே போயிருக்க மாட்டார் என்று எழுதிவிட்டார். பிறகு நாலு வருடம் கழித்து வேறொருவர் அதை வாசித்து, போயிருக்கலாம் என்று எழுதினார்.”

கிரெக் எல்லாவற்றையும் எழுதி முடித்தார். கண்ணை உயர்த்தி அவரைப் பார்த்துப் பரிவோடு தலையசைத்தார். கடதாசிகளை மேசையில் தட்டி ஓரம் சமன் செய்தார். பேனையின் மூடியை மூடினார்.

“நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். உங்கள் பொறுமைக்கு மிக்க நன்றி. தயவுசெய்து வெளியே காத்திருங்கள். எங்கள் முடிவை அறிவிப்போம்.”

ஆனந்தராஜா எழுந்திருக்கவில்லை. கதிரையின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதைத் தர்சினி கண்டாள்.

பட்டி மணியடித்தது.

நூற்று நாற்பத்தேழு. பச்சை விளக்கு விடாமல் எரிந்தது. கதவு திறந்து, கெய்லியும் இரண்டு காவலர்களும் துணைப் பயத்தில் வேலைசெய்த மூன்று பேய்களும் உள்ளே ஓடிவந்தார்கள். ஒருவர் ஊதுகுழல் ஊதினார். ஒருவர் வண்ணக் கடதாசித் துண்டுகளை அவருடைய தலைமேல் கொட்டினார். தரையில் இருந்துவிட்ட அந்தப் பேய் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“செய்துவிட்டோம்!” என்று கிரெக் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். “நான் சொன்னேன் அல்லவா, யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று! எந்தப் பேய்? கொட்டகைக் கிழவியா? சிலருக்குத் தாமதித்துத்தான் வரும்.”

ஆனந்தராஜா வலது கையை மெதுவாக உயர்த்தினார்.

“லாமிங்டன்,” என்றார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தர்சினி சிரிக்கவில்லை. மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துத் தகப்பனின் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை குவளையின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவருடைய மணிக்கட்டிலிருந்த பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“வி ஆர் லீவிங்,” என்றாள் கிரெக்கிடம். “எழும்புங்கோ அப்பா. போவம்.”

பட்ஜைக் கெய்லி வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஒரு சான்றிதழ்: ‘திரு. ஆனந்தராஜா உண்மையாகவே பயந்தார் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.’ முத்திரை குத்தி, கிரெக் ஒப்பமிட்டிருந்தார். ஆனந்தராஜா வெயிலில் நின்று அதை இரண்டுதரம் வாசித்தார். மடிக்காமல் காரின் பின் ஆசனத்தில் படுக்கவைத்தார்.

கார் பெருந்தெருவில் ஏறியது. தர்சினி பட்ஜைக் கைக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா.”

“என்ன பிள்ளை?”

“அண்டைக்குப் பாண் கிடைச்சுதா?”

ஆனந்தராஜா கண்ணாடியில் பின்னால் வரும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டார். இருபத்திமூன்று வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

“கிடைச்சது. ஒரு றாத்தல். வரிசையில ரெண்டு மணித்தியாலம் நிண்டனான். வீட்டை கொண்டுவரேக்க அரைவாசி நானே திண்டுபோட்டன். அப்பம்மா பேசினவ.”

அவள் சிரித்தாள். பிறகு இன்னொன்று கேட்டாள். டூங்கபியில் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும், சிவாஜினி வந்து கண்ணாடியைத் தட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துப் பூங்காவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அன்றைய அதியுயர் நாடித்துடிப்பு அவருடையதாம். அடுத்த வருடத் திட்டமிடலுக்கு உதவியாக, அவரைப் பயமுறுத்தியது எது என்று தெரிவிக்க வேண்டும். பேய், இருட்டு, சத்தம், மணம், வேறு. தர்சினி மடிக்கணினியோடு அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“‘வேறு’ எண்டு போடவா?”

“போடு.”

“என்னெண்டு எழுத?”

“அந்த மனிசன் நல்ல மனிசன் எண்டு எழுது. தண்ணி தந்தவர். சொன்னதெல்லாத்தையும் ஆறுதலாக் கேட்டவர். ஒருக்காலும் சத்தம் போடேல்லை. அதுதான் பயம் எண்டு எழுது.”

அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். அந்தக் கட்டத்துக்குள் எழுத்துகளுக்கு அளவிருந்தது. கடைசி வசனம் அதற்குள் அடங்கவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தங்கள் ஊழியரைப் பற்றி இவ்வளவு மனமுவந்து பாராட்டியதற்கு நிர்வாகம் நன்றி தெரிவித்திருந்தது. கிரெக் அந்த மாதத்தின் சிறந்த உபசரிப்பாளராகத் தெரிவாகியிருக்கிறார். அவருடைய படம் செம்மறியாட்டின் காலடியில், எல்லாரும் வரிசையில் நிற்கிற இடத்தில், மாட்டப்பட்டிருக்கிறது. படத்தின் கீழே பெரிய எழுத்தில் இப்படி இருந்தது:

‘நல்ல மனிதர். தண்ணீர் தந்தார். சொன்னதெல்லாவற்றையும் ஆறுதலாகக் கேட்டார். ஒருபோதும் சத்தம் போடவில்லை. — ஆனந்தராஜா, டூங்கபி.’